தொண்டை கட்டிய படகுத் தலைவன்

பரமோனுக்குப் பிறவியிலேயே வாய்த்த ஒரே சொத்து அவன் தொண்டைதான். சூஸ்தல் என்ற ஊரில் ஞானஸ்நானத்துக்காக அவனைத் தண்ணீரில் முக்கி எடுத்தபோது அவன் போட்ட அலறலில் பாதிரியார் சிலுவையைக் கீழே நழுவவிட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். வளர்ந்தபின் அந்தத் தொண்டையை வைத்தே பிழைத்தான். முதுகில் செம்புக் கெட்டிலைக் கட்டிக்கொண்டு, தேனும் இஞ்சியும் கிராம்பும் போட்டுக் கொதிக்கவைத்த ஸ்பிட்டன் பானம் விற்பான். சந்தையின் இந்தக் கோடியில் அவன் கூவினால் அந்தக் கோடியில் இருப்பவனுக்கு நாக்கு ஊறும். அப்படி நாக்கு ஊறி வந்தவர்களில் ஒருத்திதான் உஸ்தீனியா. குடித்துவிட்டு, இஞ்சி போதவில்லை என்று சண்டை போட்டாள். மறு வாரமும் வந்து சண்டை போட்டாள். மூன்றாம் முறை அவன் கல்யாணம் கேட்டுவிட்டான்.

ஜார் கட்டிக்கொண்டிருந்த புது நகரத்துக்குக் கைவினைக்காரரும் சில்லறை வியாபாரிகளும் குடும்பத்தோடு போக வேண்டும் என்று உத்தரவு வந்தபோது விருப்பமா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. பீட்டர்ஸ்பர்க்கில் இறங்கிய அன்றே, தாடி கூடாது என்ற ஜாரின் சட்டப்படி, நகர வாசலில் அவன் தாடியை மழித்துவிட்டார்கள். அவன் அழுதுகொண்டே மயிரைப் பொறுக்கித் துணியில் முடிந்து பெட்டியில் வைத்தான். தாடி இல்லாதவனை மோட்சத்தில் சேர்க்கமாட்டார்கள், செத்தால் இதைச் சவப்பெட்டியில் போடவேண்டும், மேலே போய்ப் புனித நிக்கோலாவிடம் காட்டவேண்டும் என்றான்.

“மோட்ச வாசல்ல காட்டுறதுக்கு வேற ஒண்ணும் சம்பாதிக்கலியாய்யா நீ?” என்றாள் உஸ்தீனியா.

சதுப்பு நிலத்தில் மரத்தூண் அடித்து எழுப்பிய ஊர் அது. தண்ணீர் ஏறினால் வீட்டுக்குள் வாத்து நீந்தும். நேவா ஆறு நடுவே கடல்போல் விரிந்து கிடந்தது. அதற்குப் பாலம் போடக் கூடாது என்பது ஜாரின் கண்டிப்பு. அக்கரைக்குப் போகவேண்டுமானால் படகில் போ, பாய் விரிக்கக் கற்றுக்கொள், தன் குடிமக்கள் எல்லாரும் மாலுமிகள் ஆகவேண்டும் என்று அவர் நினைத்தார். நினைத்ததோடு நிற்காமல் ஒரு கோடைக்காலத்தில் வீட்டுக்காரர்களுக்குப் படகுகளைக் கொடுக்கவும் தொடங்கினார். இனாம்தான். ஆனால் கோட்டைமேல் கொடி ஏறி பீரங்கி முழங்கினால் ஞாயிற்றுக்கிழமை எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ஆற்றில் இறங்கவேண்டும். காற்று இருக்கும்போது துடுப்பைத் தொடக்கூடாது. படகு உடைந்தால் நீயே இன்னொன்று செய்துகொள், சின்னதாக வேண்டாம்.

பரமோன் வீட்டு வாசலில் ஒரு படகை இறக்கிவிட்டுப் போனார்கள். பச்சை வண்ணம், ஒற்றைப் பாய்மரம், புதுத் தாரின் வாசனை. இருவரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இருவருக்கும் நீந்தத் தெரியாது.

“இதுல குதிரைய எந்தப் பக்கம்யா பூட்டுறது?” என்று கேட்டாள் உஸ்தீனியா.

முதல் ஞாயிற்றுக்கிழமை நேவாவின்மேல் நடந்ததை அந்த ஊர் வெகுகாலம் பேசிச் சிரித்தது. தையல்காரர், மணி வார்ப்பவர், ஜெர்மன் மருந்துக்கடைக்காரர், உதவிப் பாதிரியார், எல்லாரும் அவரவர் படகில். ஒரு படகு பம்பரமாகச் சுற்றியது. இன்னொன்று பின்பக்கமாகவே போனது. உதவிப் பாதிரியார் யெவ்லாம்பியின் பாய் அவர் தலைமேலேயே விழுந்து, உள்ளேயிருந்து ஜெபம் மட்டும் கேட்டது. ஒவ்வொருவரும் அடுத்தவனுக்குக் கட்டளை போட்டார்கள். எவனும் எவன் பேச்சையும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து, செங்கல் ஏற்றிய ஒரு பெரிய தட்டைப்படகு மேலிருந்து நீரோட்டத்தில் நேராக இறங்கி வந்தது.

பரமோன் அதைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

“எல்லாரும் எடது பக்கம் திருப்புங்க!”

கரையில் கட்டியிருந்த குதிரைகள் மிரண்டன. அத்தனை படகுகளும், ஏன் எதற்கு என்று கேட்காமல், இடப்பக்கம் திரும்பின. தட்டைப்படகு வலப்பக்கமாக உரசாமல் போயிற்று. இடப்பக்கம் மணல்திட்டு இருந்தது. அத்தனை படகுகளும் அதில் ஏறி, அடுப்பிலிருந்து எடுத்து அடுக்கிய ரொட்டிகள்போல் வரிசையாக உட்கார்ந்தன.

படகுகளை மேற்பார்த்த லெப்டினென்ட் ஸோத்திகோவ் புகையிலைப் பைப்பைக் கடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். குதிரை லாயக்காரனின் மகன் அவர். மூக்கு எந்தப் போரிலோ உடைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கத்தினவன் யார் என்று கேட்டார். எல்லா விரல்களும் பரமோனை நோக்கி நீண்டன. உஸ்தீனியாவின் விரலும்தான்.

“தப்பான உத்தரவு. வலது பக்கம் ஆழமா இருக்கு, அங்க போயிருக்கணும்,” என்றார் ஸோத்திகோவ். “ஆனா எல்லாரும் ஒண்ணாக் கேட்டாங்க. எது எடது எது வலதுன்னு உனக்கு நான் சொல்லிக் குடுத்துடலாம். அந்தத் தொண்டைய மத்தவனுக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கிறது? இன்னையிலேர்ந்து இந்த வரிசைக்கு நீதான் தலைவன்.”

பரமோன் தான் வெறும் ஸ்பிட்டன்காரன் என்று இழுத்தான். அதற்கு ஸோத்திகோவ் மணல்திட்டில் நின்றபடியே ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். ஜார் தன் சொந்தப் படையிலேயே மேளக்காரனாகச் சேர்ந்தவர். ஒவ்வொரு படியாக ஏறியவர். பதவி உயர்வு வேண்டுமென்றால் தனக்கு மேலே தானே வைத்த அதிகாரியிடம் தொப்பியைக் கழற்றிக் கேட்டவர். கோடரி பிடித்துக் கப்பல் செதுக்கிக் கூலி வாங்கியவர். பிறப்பு ஒருவனுக்குப் பெயரைத்தான் கொடுக்கும், இடத்தை அவன் வேலை செய்து வாங்கவேண்டும் என்பதுதான் அவர் சொல்வது.

“அவரே நாட்டுக்கு வேலைக்காரர்னு சொல்லிக்கிறார். அப்ப நீயும் நானும் யாரு? போய்ப் படகைத் தள்ளு,” என்று முடித்தார்.

அன்று பரமோனின் கால் தரையில் பாவவில்லை. ஸ்பிட்டன் விற்கப் போன இடமெல்லாம் இதையே சொன்னான். ஓரம் மடித்த தொப்பி ஒன்று வாங்கினான். வீட்டில் சூப் கேட்பதற்குக்கூட, “சூப்பை முன்னால் கொண்டு வா! கரண்டியை இறக்கு!” என்றான். மேளக்காரனாக ஆரம்பித்தவர் ஜாராக இருக்கும்போது, ஸ்பிட்டன்காரன் ஒருநாள் கடற்படைத் தளபதி ஆனால் என்ன என்று மனைவியிடம் கேட்டான்.

உஸ்தீனியா மாவு பிசைவதை நிறுத்தாமல் சொன்னாள்: “அவர் ஜாரா இருந்து மேளக்காரர் ஆனாருய்யா. நீ மேளக்காரனா இருந்து ஜார் ஆகப் பாக்குற. ரெண்டும் ஒண்ணா?”

அவனுக்கு அது காதில் ஏறவில்லை. அதற்குள் பிரபு ஒப்ரெஸ்கின் வந்து சேர்ந்துவிட்டார்.

நிக்கானோர் ஒப்ரெஸ்கின் பழைய வம்சத்துப் பிரபு. நாற்பதைத் தாண்டியவர், நல்ல பருமன், எதற்கும் கோபப்படாத முகம். பிரபுக்கள் எல்லாரும் நாட்டு வேலைக்கு வந்தாக வேண்டும் என்ற சட்டத்துக்குப் பயந்து, தன் கிராமத்தில் பைத்தியமாக நடித்துக்கொண்டிருந்தார். அதிகாரிகள் வரும் நாளெல்லாம் வாத்துக் கூட்டத்தின் நடுவே குந்தி, அவற்றைப்போலவே கத்துவார். பார்த்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள். கடைசியில் ஓர் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானத்தில் வந்தார். தூக்கக் கலக்கத்தில் இருந்த பிரபு, ஐயா சாப்பிட்டாச்சா, இன்றைக்குக் காளான் சூப் நன்றாக வந்திருக்கிறது என்று அன்பாகக் கேட்டுவிட்டார். அதோடு பைத்தியம் தெளிந்தது. தண்டனையாக, கடைநிலை ஆளாக நேவாப் படகில் கயிறு இழுக்க அனுப்பினார்கள். பரமோனின் படகில்.

பரமோன் நடுங்கிப்போனான். அவன் அப்பன் தாத்தன் எல்லாரும் இப்படிப்பட்டவர்களைக் கண்டால் மண்டியிட்டவர்கள். முதல் நாள் அவன் போட்ட கட்டளை இப்படி இருந்தது: “எசமான், தங்களுக்குச் சிரமம் இல்லேன்னா, அந்தக் கயிறு, சும்மா ஒரு விரலால…”

பக்கத்துப் படகிலிருந்து ஸோத்திகோவ் உறுமினார். தண்ணீர்மேல் எசமான் கிடையாது, ஒப்ரெஸ்கின் என்று பேர் சொல்லிக் கூப்பிடு என்றார். பரமோன் கண்ணை மூடிக்கொண்டு, “ஒப்ரெஸ்கின், கயித்த இழு!” என்று கத்தினான். இடி விழவில்லை. பிரபு கயிற்றை இழுத்தார். பரமோனுக்கு அந்த ருசி பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும் இழு, விடு, குனி, நிமிர் என்று ஓயாமல் கத்தினான். உஸ்தீனியாதான் பிரபுவுக்காக வருத்தப்பட்டு ஒருநாள் முட்டைக்கோஸ் பணியாரம் கொடுத்து மன்னிப்புக் கேட்டாள்.

பிரபு சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். “அட விடும்மா. பைத்தியமா நடிக்கிறத விட இது எவ்வளவோ சுலபம். இங்க என்ன செய்யணும்னு ஒருத்தன் சொல்லிடுறான். அங்க தினம் நானே யோசிக்கணும்.”

கோடையின் உச்சத்தில் புதுப் போர்க்கப்பல் ஒன்றைத் தண்ணீரில் இறக்கும் விழா வந்தது. படகு வரிசைகள் எல்லாம் கரையோரக் கூட்டத்துக்கு முன்னால் பாய் விரித்து அணிவகுக்க வேண்டும். பரமோனின் வரிசைதான் முதலில். அந்த வாரம் முழுக்க அவன் காலையும் மாலையும் பயிற்சி என்ற பெயரில் கத்தித் தீர்த்தான். விழாவன்று காலையில் எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தான். கதவின் கீல் கீச்சிடுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. மறுபடி திறந்தான். அதுவும் வரவில்லை.

உஸ்தீனியா முதலில் அவன் விளையாடுகிறான் என்று நினைத்தாள். பிறகு அவன் கண்ணில் தண்ணீரைப் பார்த்தாள். தேன் கொடுத்தாள், முள்ளங்கிச் சாறு கொடுத்தாள், கழுத்தில் சூடான உப்பு மூட்டை கட்டினாள், அவனுடைய ஸ்பிட்டனையே மூன்று குவளை ஊற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. லெப்டினென்டிடம் சொல்லிவிடலாம் என்றாள். சொன்னால் தலைமையை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிடுவார் என்று அவன் கையாலும் கண்ணாலும் புருவத்தாலும் விளக்கினான்.

கோட்டையில் கொடி ஏறியது. படகுத்துறையில் ஒப்ரெஸ்கின் காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டு அவர் தாடையைத் தடவிக்கொண்டார். உத்தரவை நீ என் காதில் கிசுகிசு, நான் உரக்கச் சொல்கிறேன் என்று முன்வந்தார். சொல்லிப் பார்த்தார். அவர் குரல் அடுத்த படகுக்கே எட்டவில்லை.

“எங்க வம்சத்துல யாரும் கத்திப் பழகல, பரமோன். வேணுங்கிறப்ப ஆள் பக்கத்துலயே நிப்பான்,” என்றார் கூச்சத்தோடு. “தூரத்துக்குக் கேக்குற மாதிரி எனக்குத் தெரிஞ்ச சத்தம் ஒண்ணே ஒண்ணுதான்.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உஸ்தீனியாதான் முதலில் சிரித்தாள். பிறகு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துறை நெடுக ஓடி, ஒவ்வொரு படகிலும் சொல்லிவிட்டு வந்தாள். வாத்து ஒருமுறை கத்தினால் இடது, இருமுறை கத்தினால் வலது, நீட்டி இழுத்தால் பாயை இறக்கு. யெவ்லாம்பி இது பாவம் ஆகாதா என்று சந்தேகம் கேட்டார். வாத்தையும் ஆண்டவர்தான் படைத்தார் என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த படகுக்கு ஓடிவிட்டாள்.

வரிசை கிளம்பியது. அன்று காற்று விட்டுவிட்டு அடித்தது. இத்தனை நாள் கத்துவதிலேயே மும்முரமாக இருந்த பரமோனுக்கு இப்போது பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. பார்த்தபோதுதான் தெரிந்தது, காற்று வருவதற்கு முன்பே தண்ணீரில் அது தெரிகிறது. பளபளப்பு மங்கி, கருத்த சுருக்கம் ஒன்று ஊர்ந்து வருகிறது. அவனுக்குச் சந்தோஷம் பொங்கியது. ஒப்ரெஸ்கினின் காதில் ஊதினான். பிரபு நெஞ்சை நிமிர்த்தி, கையைச் சிறகாக்கி, கத்தினார்.

எத்தனை வருஷப் பயிற்சி அது. சத்தம் ஆற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று. பன்னிரண்டு படகுகளும் ஒரே சீராக இடப்பக்கம் சாய்ந்து காற்றைப் பிடித்தன. அடுத்து இருமுறை, வலப்பக்கம் சாய்ந்தன. கரையில் கொல்லைகளில் கிடந்த வாத்துகள் எல்லாம் பதில் கொடுக்கத் தொடங்கின. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. உஸ்தீனியா சுக்கானைப் பிடித்தபடி சிரித்துச் சிரித்துத் திசையைக் கோட்டைவிடப் பார்த்தாள். சத்தமே வராத தொண்டையால் பரமோனும் சிரித்தான். தோள் மட்டும் குலுங்கியது.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். வரிசையின் கடைசிப் படகு வரவில்லை. மருந்துக்கடைக்காரர் ஹெர் லுடால்ஃபும் அவர் மனைவியும் இருந்த படகு அது. பாய்க் கயிறு சிக்கிக்கொண்டு, காற்றில்லாத இடத்தில் அசையாமல் நின்றது. அதற்கு மேலே, நீரோட்டம் வரும் பக்கத்தில், நங்கூரம் பிடிவிட்ட ஒரு சரக்குக் கப்பல் மெல்ல, மிக மெல்ல, பின்பக்கமாக அவர்களை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கப்பலில் ஆள் நடமாட்டம் இல்லை. எல்லாரும் விழா பார்க்கக் கரைக்குப் போயிருக்க வேண்டும். லுடால்ஃப் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தார்.

தலைவன் படகு வரிசையின் தலையைவிட்டு நகரக் கூடாது என்பது விதி. கூட்டத்துக்கு முன்னால் போக இன்னும் கொஞ்ச தூரம்தான். எல்லாரையும் திரும்பச் சொன்னால் அந்தக் குறுகலான இடத்தில் முட்டிக்கொள்வார்கள். பரமோன் தொப்பியைக் கழற்றி, அடுத்து வந்த யெவ்லாம்பியை நீ முன்னால் போ என்று வீசிக் காட்டினான். தன் படகை மட்டும் திருப்பச் சொன்னான்.

யெவ்லாம்பி முன்னால் போனார். வரிசை அவர் பின்னால் போயிற்று, ஒழுங்காக, அழகாக. பரமோனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. நான் இல்லாமலும் போகிறார்களே. ஆனால் அதை அனுபவிக்க நேரமில்லை.

காற்றை நம்பிப் போனால் சுற்றித்தான் போகவேண்டும். அவன் துடுப்பைக் காட்டினான். “காத்து இருக்கிறப்ப துடுப்பு போட்டா தண்டனைய்யா,” என்றாள் உஸ்தீனியா. சொல்லிக்கொண்டே ஒன்றைத் தூக்கி ஒப்ரெஸ்கினிடம் கொடுத்தாள், ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டாள். சுக்கானுக்குப் பரமோன் பாய்ந்தான். பிரபுவின் சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. கப்பலின் நிழல் மருந்துக்கடைக்காரர்மேல் விழுந்த நேரத்தில் இவர்கள் கயிற்றை எறிந்தார்கள். லுடால்ஃப் அது ஏதோ விழா வழக்கம் என்று நினைத்துத் தொப்பியை எடுத்து வணங்கினார். அவர் மனைவிதான் கயிற்றைப் பிடித்துக் கட்டினாள். இழுத்துக்கொண்டு விலகினார்கள். சரக்குக் கப்பல் அவர்கள் நின்றிருந்த இடத்தைப் பெருமூச்சு விடுவதுபோல் கடந்து, சேற்றில் போய்ச் சாய்ந்தது.

கூட்டத்துக்கு முன்னால் பரமோனின் படகு எல்லாருக்கும் கடைசியாக வந்தது, துடுப்பு போட்டுக்கொண்டு, பின்னால் ஒரு மருந்துக்கடைக்காரரைக் கட்டி இழுத்துக்கொண்டு. சிரிப்பும் கைத்தட்டலும் ஓயவில்லை. துறையில் ஸோத்திகோவ் நின்றிருந்தார்.

“வரிசைக்குத் தலைவன் வால்ல வர்றான். அதுவும் துடுப்பு போட்டுக்கிட்டு. இங்க உத்தரவு குடுத்தது யாரு?”

பரமோன் வாயைத் திறந்தான், கீச்சென்றது. ஒப்ரெஸ்கின் ஒரு அடி முன்னால் வந்தார்.

“அவர்தான் குடுத்தார். நான் வாய் மட்டும்தான்.”

ஸோத்திகோவ் சரக்குக் கப்பல் கிடந்த திசையைப் பார்த்தார். பைப்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினார். தலைமையை இறக்கி வைத்துவிட்டு வாலுக்கு ஓடத் தெரிந்தவனைத்தான் தலையில் வைக்கவேண்டும் என்று அவர் தன் மனைவியிடம் அன்று சொன்னதாகப் பிற்பாடு தெரியவந்தது. பரமோனிடம் அதையெல்லாம் சொல்லவில்லை. துடுப்பு போட்டது விதிமீறல், அதற்குத் தண்டனை விருந்தில் பெரிய கோப்பை என்று மட்டும் சொன்னார். தலை அளவு வெள்ளிக் கோப்பை அது. வழிய வழிய ஒயின் ஊற்றி ஒரே மூச்சில் குடிக்கவேண்டும். நானும்தான் துடுப்பு போட்டேன் என்று உஸ்தீனியா சண்டை போட்டுப் பாதியைப் பிடுங்கிக் குடித்தாள். ஒப்ரெஸ்கின் தனக்கும் தண்டனை வேண்டும் என்று உரிமை கேட்டு மறுபடி நிரப்பச் சொன்னார். அன்று மாலை ஜெர்மன் வாத்தியத்துக்கு உஸ்தீனியா ஆடிய ஆட்டத்தில் லெப்டினென்டின் சாய்ந்த மூக்கே நேரானதுபோல் அவளுக்குத் தெரிந்தது. அதை அவரிடமே சொன்னாள்.

பரமோனின் குரல் சில நாளில் திரும்பியது, ஆனால் பழைய இடி இல்லை, கரகரத்த ஒரு சாதாரணக் குரல். தலைமை அவனிடமே இருந்தது. வரிசையில் இருந்தவர்கள் அவன் பேச்சைக் கேட்க இப்போது கொஞ்சம் கிட்டே வரவேண்டியிருந்தது, வந்தார்கள். ஸ்பிட்டன் கூவும் வேலையை உஸ்தீனியா எடுத்துக்கொண்டாள். வாங்காமல் போகிறவர்களை அவள் வைகிற வசவைக் கேட்பதற்காகவே ஜனம் நின்று வாங்கியது. ஒப்ரெஸ்கினுக்கு ஒரு படி உயர்வு கிடைத்தது. அந்தச் செய்தி வந்தபோது அவர் குழந்தைபோல் அழுதார். வம்சத்தில் யாரும் எதையும் உழைத்து வாங்கியதில்லையாம். மறு வருஷம் இன்னொரு படி. படகுக் கொட்டடியில் மேற்பார்வைக்காரர் ஆனார். இன்னும் சில காலம் கழித்து, பதவிப் படிகள் பதினான்கு என்று ஜார் சட்டமே போட்டார். ஸ்பிட்டன்காரனுக்கு அதில் எந்தப் படி என்று பரமோன் ஸோத்திகோவிடம் கேட்டான். படிக்கட்டு நிற்பதற்குத் தரை வேண்டாமா என்றார் அவர். அந்தப் பதில் பரமோனுக்குப் பிடித்திருந்தது. உஸ்தீனியாவுக்குப் பிடிக்கவில்லை, ஏறி மிதிப்பவன் சொல்லுகிற பேச்சு என்றாள்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் ஜார் இறந்துபோனார். நகரமே மணியடித்து அழுதது. அடுத்த கோடையில் கோட்டையில் படகுகளுக்காகக் கொடி ஏறவில்லை. பல வீடுகளில் படகு கோழிக்கூண்டானது. சில வீடுகளில் விறகானது. யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பரமோன் வாசலில் உட்கார்ந்தான், எழுந்தான், வேலி வரை போனான், வந்தான். இனிப் போகவேண்டிய கட்டாயம் இல்லை என்று மூன்றாம் முறையாகச் சொன்னான்.

“கட்டாயம்னு இப்ப யாரு சொன்னா?” என்றாள் உஸ்தீனியா. அவள் ஏற்கெனவே ரொட்டியையும் உப்பு வெள்ளரியையும் துணியில் கட்டி வைத்திருந்தாள்.

ஒப்ரெஸ்கின் அதிகாரிச் சட்டையோடு வந்து, அதைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, வழக்கமான இடத்தில் கயிற்றைப் பிடித்தார். யெவ்லாம்பியின் பாய் அக்கரையிலிருந்து தெரிந்தது. அதன் பின்னால் லுடால்ஃபுடையதும். எங்கே போவது என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு. பிரபுவுக்குக் கடல்முகம் வரை போகவேண்டும், பரமோனுக்குத் தீவைச் சுற்றவேண்டும். தண்ணீரில் கருத்த சுருக்கம் ஒன்று அவர்களை நோக்கி ஊர்ந்து வந்தது. சுக்கான் தன் கையில் இருப்பதை உஸ்தீனியா இருவருக்கும் ஞாபகப்படுத்தினாள்.